ஹாம் டிரான்ஸீவரைக் கிட்டிலிருந்து கட்டமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஹாம், அதாவது அமெச்சூர் வானொலியாளர், அனுப்பவும் கேட்கவும் பயன்படுத்தும் கருவியே ஹாம் டிரான்ஸீவர். அதன் கிட் ஒன்றைப் பிரித்ததும், எல்லாப் பாகங்களையும் ஒரே மூச்சில் பலகையில் பற்றவைத்து, கடைசியில் மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றுவது இயல்பு. அப்படிச் செய்தபின் ஸ்பீக்கரில் சத்தமே வராவிட்டால், பலகையிலுள்ள அத்தனை பாகங்கள்மீதும் சந்தேகம் விழும். ஒரு பகுதியைக் கட்டி, அதை அளந்து, சரியாக இயங்குகிறது என்று உறுதியானபின் அடுத்த பகுதியைத் தொடங்கினால், பிழை எப்போதும் கடைசியாகப் பொருத்திய பத்துப் பன்னிரண்டு பாகங்களுக்குள் அடங்கிவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒழுங்கில்தான் நகர்கிறது.

எடுத்துக்காட்டாக இங்கே வைத்துக்கொள்வது, 40 மீட்டர் பட்டையில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில், எஸ்எஸ்பி எனப்படும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேசக்கூடிய 5 வாட் கருவி. உங்கள் கிட் வேறு பட்டைக்கு உரியதாகவோ, மோர்ஸ் மட்டும் அனுப்புவதாகவோ இருந்தாலும் வேலையின் வரிசை மாறாது, எண்கள்தான் மாறும். ரிசீவரைக் கட்டிக் கேட்பதற்குப் பல நாடுகளில் தடையில்லை என்றாலும், ஆன்டெனாவில் ஒரு மில்லிவாட் அனுப்புவதற்குக்கூட அமெச்சூர் உரிமமும் அழைப்புக்குறியும் தேவை. ஆகவே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள் ரிசீவர் வரை கட்டி நிறுத்திக்கொள்ளலாம்.

கிட்டைத் தேர்ந்தெடுத்தல்

முதல் கிட் ஒரே பட்டையில் இயங்குவதாக இருப்பது நல்லது. பல பட்டைக் கருவிகளில் ஃபில்டர்களும் ரிலேக்களும் பெருகுவதால், பிழை தேடும் வேலையும் அதே அளவு பெருகும். மோர்ஸ் தெரிந்தவர்களுக்கு ஹான்ஸ் சம்மர்ஸ் வடிவமைத்த க்யூசிஎக்ஸ் போன்ற கிட்கள் பொருந்தும்; அதில் சீரமைப்புக்குத் தேவையான சோதனை சிக்னலைக் கருவியே உண்டாக்கித் தருகிறது. பேச விரும்புவோருக்கு அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகைச் சுற்றுகள் நல்ல பாடம். அவற்றில் இருதிசையிலும் இயங்கும் ஆம்ப்ளிஃபயர்கள் இருப்பதால், கேட்கும்போது பயன்படும் ஃபில்டரும் மிக்சர்களும் அனுப்பும்போதும் பயன்படுகின்றன. எந்தக் கிட்டாக இருந்தாலும், வாங்கும் முன் அதன் கையேட்டைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் சோதனைப் புள்ளிகளும் அங்கே இருக்கவேண்டிய வோல்டேஜும் குறிப்பிடப்பட்ட கையேடுதான் நல்ல கையேடு. பளபளப்பான படங்கள் அந்த இடத்தை நிரப்பாது.

சிக்னல் போகும் பாதை

சாலிடரிங் அயர்னைச் சூடாக்கும் முன், சுற்றுப்படத்தில் ஒரு சிக்னலின் பாதையை விரலால் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். ஆன்டெனாவில் வரும் 7.1 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் முதலில் பட்டை ஃபில்டரைக் கடந்து, முதல் மிக்சரில், அலையை உண்டாக்கும் சுற்றான 4.9 மெகாஹெர்ட்ஸ் அலையியற்றியுடன் கலக்கிறது. இரண்டும் கூடி 12 மெகாஹெர்ட்ஸ் என்ற இடைநிலை அதிர்வெண் கிடைக்க, அது கிரிஸ்டல் ஃபில்டர் வழியாகச் சென்று, இரண்டாவது மிக்சரில் பிஎஃப்ஓ எனப்படும் மற்றொரு அலையியற்றியுடன் சேர்ந்து பேச்சொலியாகிறது. இதே மிக்சருக்கு 16.9 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னல் வந்தால், அதிலிருந்து 4.9ஐக் கழித்தாலும் 12தான் வரும். அந்தப் போலிச் சிக்னலைத் தடுப்பதே முன்னாலிருக்கும் பட்டை ஃபில்டரின் முக்கிய வேலை. இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால், பின்னால் எந்த இடத்தில் எந்த அதிர்வெண்ணைத் தேட வேண்டும் என்பதைக் கையேட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

கருவிகள்

வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள அயர்ன், ரோசின் ஃப்ளக்ஸ் உள்ளடங்கிய 0.5 முதல் 0.8 மில்லிமீட்டர் சாலிடர் கம்பி, சாலிடரை உறிஞ்சும் செப்புப் பின்னல், கூர்மையான கட்டர், உருப்பெருக்கிக் கண்ணாடி, டிஜிட்டல் மல்டிமீட்டர் ஆகியவை கட்டாயம். குழாய் வேலைக்குப் பயன்படும் அமிலப் பசை பலகையின் செம்பை அரித்துவிடுவதால், அது மேசைப் பக்கமே வரக்கூடாது. மின்னோட்ட வரம்பை அமைக்கக்கூடிய மின்வழங்கி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆசிலோஸ்கோப் இருந்தால் வசதி. இல்லாவிட்டாலும் குறுஅலை கேட்கக்கூடிய மற்றொரு ரிசீவர் அதன் பல வேலைகளைச் செய்துவிடும்.

இவற்றுடன், ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைத்துச் சோதிக்க 50 ஓம் டம்மி லோடு ஒன்றும் வேண்டும். 1 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர்கள் இருபதை இணையாக இணைத்தால் 50 ஓம், 40 வாட் தாங்கும் லோடு கிடைக்கும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர்களை இதற்கு எடுக்கக்கூடாது. அவை உண்மையில் சுருள்கள் என்பதால் 7 மெகாஹெர்ட்ஸில் 50 ஓமாக நடந்துகொள்ளா.

பாகங்களை எண்ணிப் பிரித்தல்

பாகப் பட்டியலோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றையும் எண்ணிப் பிரிப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் நுழைகிறது. செராமிக் கெப்பாசிட்டர்களின் மேல் உள்ள மூன்றிலக்க எண்ணில் முதல் இரண்டு மதிப்பையும், மூன்றாவது பின்னால் சேர்க்கவேண்டிய பூஜ்யங்களின் எண்ணிக்கையையும் பிகோஃபாரடில் குறிக்கும். 104 என்றால் 1,00,000 பிகோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். 471 என்றால் 470 பிகோஃபாரட். ஆனால் 470 என்று அச்சிட்டிருந்தால் அது 47 பிகோஃபாரட். ஃபில்டரில் 470 பிகோஃபாரட் கேட்கும் இடத்தில், எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் 470 என்று எழுதியதைப் பொருத்திவிட்டால், மின்சாரம் கொடுத்ததும் எதுவும் புகையாது, எதுவும் சூடாகாது. ரிசீவர் மட்டும் செவிடாக இருக்கும்.

அதேபோல வார்ப்பு இண்டக்டர்கள் ரெசிஸ்டரைப் போலவே வண்ண வளையங்களோடு வரும். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். இண்டக்டர் சில ஓம்களுக்குமேல் காட்டாது. ரெசிஸ்டர்களின் வளையங்களையும் கண்ணை நம்பாமல் அளப்பதே நல்லது. மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத்தான் தெரியும்.

பற்றவைத்தல்

ஈயம் கலந்த 63/37 சாலிடர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். அயர்னை 320 முதல் 350 டிகிரிக்குள் வைத்துக்கொண்டால் போதும். ஈயமற்ற சாலிடர் சுமார் 217 டிகிரியில் உருகுவதால் அதற்குச் சற்றுக் கூடுதல் சூடு தேவை. அயர்ன் முனை, பலகையின் திட்டு, பாகத்தின் கால் மூன்றும் ஒன்றையொன்று தொடும்படி வைத்து ஓரிரு நொடி சூடாக்கியபின், சாலிடரை முனையில் வைக்காமல் சந்திப்பில் வைக்க வேண்டும். நல்ல இணைப்பில் சாலிடர் காலின் மேல் சற்றே ஏறி, குழிந்த சரிவாக இறங்கித் திட்டின் விளிம்புவரை பரவியிருக்கும். பந்துபோல் உருண்டு நின்றால் திட்டு சூடாகவில்லை என்று பொருள். தரைத்தளத்தோடு இணைந்த திட்டுகள் சூட்டை இழுத்துக்கொள்வதால் அங்கே இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் நீண்ட கால் நேர்மின் பக்கம், டையோடின் கோடு கேத்தோடு பக்கம், ஐசியின் வெட்டுப்பள்ளம் பலகையில் வரைந்த பள்ளத்தின் பக்கம். காலை வெட்டும்போது துண்டு கண்ணுக்குத் தெறிக்காதபடி கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பற்றவைக்கும் புகையை நேராக முகர வேண்டாம். ஈய சாலிடரைத் தொட்டபின் கைகளைக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

மின்வழங்கலும் ஒலிப்பகுதியும்

முதலில் கட்டவேண்டியவை தலைகீழ் இணைப்புப் பாதுகாப்பு டையோடு, ஃப்யூஸ், வோல்டேஜ் ரெகுலேட்டர்கள் ஆகியவை. மின்சாரம் கொடுக்கும் முன், உள்ளீட்டு முனைகளுக்கு இடையே மின்தடையை அளந்து பாருங்கள். கெப்பாசிட்டர்கள் நிரம்பும்போது எண் மெல்ல ஏறுவது இயல்பு. சில ஓம்களிலேயே நின்றுவிட்டால் எங்கோ சாலிடர் பாலம் இருக்கிறது. பிறகு மின்னோட்ட வரம்பை 100 மில்லிஆம்பியரில் வைத்து 12 வோல்ட் கொடுங்கள். ரெகுலேட்டரின் வெளியீடு 5 வோல்டாக இருந்தால்தான் மைக்ரோகன்ட்ரோலரைச் சாக்கெட்டில் செருகலாம்.

அடுத்து ஒலிப்பெருக்கி. பல கிட்களில் இது எல்எம்386 ஐசியாகவே இருக்கும். அதன் 6ஆம் காலில் மின்வழங்கலும், 5ஆம் காலில் அதன் சரிபாதி வோல்டேஜும் இருக்க வேண்டும். பாதிக்குப் பதில் பூஜ்யமோ முழு வோல்டேஜோ இருந்தால், ஐசி கெட்டிருக்கிறது அல்லது திருப்பிப் பொருத்தப்பட்டிருக்கிறது. வால்யூமை ஏற்றி, உள்ளீடான 3ஆம் காலை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டால் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்ற இரைச்சல் கேட்கும். இந்தப் பெட்டியிலிருந்து வரும் முதல் சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

அலையியற்றிகள்

இப்போதைய கிட்களில் இரண்டு அலையியற்றிகளையும் பெரும்பாலும் எஸ்ஐ5351 என்ற ஒரே சில்லு உண்டாக்குகிறது. வெளியீட்டில் சிக்னல் இருக்கிறதா என்பதை ஆசிலோஸ்கோப்பிலோ, மற்றொரு ரிசீவரை 4.9 மெகாஹெர்ட்ஸில் வைத்து அதன் ஆன்டெனாக் கம்பியைப் பலகைக்கு அருகில் கொண்டுவந்தோ தெரிந்துகொள்ளலாம்.

சில்லின் ஆதாரக் கிரிஸ்டல் 10 லட்சத்தில் 20 பங்கு பிசகியிருந்தால், 10 மெகாஹெர்ட்ஸில் 200 ஹெர்ட்ஸ் பிழை வரும். எஸ்எஸ்பியில் அந்த அளவு விலகினாலே குரல் மாறிக் கேட்கும். இதைத் திருத்த, துல்லியமான அதிர்வெண்ணில் ஒலிபரப்பும் டபிள்யூடபிள்யூவி போன்ற நேர நிலையத்தை மற்றொரு ரிசீவரில் 10 மெகாஹெர்ட்ஸில் பிடித்துக்கொண்டு, சில்லையும் 10 மெகாஹெர்ட்ஸுக்கு வைத்து, அதன் வெளியீட்டிலிருந்து ஒரு குட்டைக் கம்பியை அருகில் நீட்டுங்கள். இரண்டு சிக்னல்களும் மோதி எழும் விம்மல், நொடிக்கு ஒன்றிரண்டு ஏற்ற இறக்கமாகக் குறையும்வரை மென்பொருளின் திருத்த எண்ணை மாற்ற வேண்டும்.

டொராய்டு சுற்றுதல்

டொராய்டு என்பது கம்பி சுற்றிச் சுருளாக்கும் காந்த வளையம். புதியவர்கள் மிகவும் அஞ்சுவது இந்த வேலைக்குத்தான். அச்சம் தேவையற்றது, கவனம் தேவை. முதலில் வளையங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். சிவப்பு வளையம் 2ஆம் வகை இரும்புத்தூள், மஞ்சள் வளையம் 6ஆம் வகை இரும்புத்தூள், கருஞ்சாம்பல் நிறம் பெரும்பாலும் ஃபெரைட். டி37-6 என்ற மஞ்சள் வளையத்தில் 10 சுற்று 0.3 மைக்ரோஹென்றி தரும். அதே அளவுள்ள எஃப்டி37-43 ஃபெரைட்டில் 10 சுற்று அதைப்போல் நூறு மடங்குக்கும் அதிகமாகத் தரும். ஆக, நிறத்தைத் தவறவிட்டால் சுற்றுகளை எவ்வளவு சரியாக எண்ணியும் பயனில்லை.

டி37-6 வளையத்துக்குக் கணக்கு எளிது: வேண்டிய மைக்ரோஹென்றியை 30ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். 1.7 மைக்ரோஹென்றிக்கு 23.8 வருகிறது, ஆகவே 24 சுற்று. கம்பி வளையத்தின் துளைக்குள் ஒருமுறை நுழைந்தாலே அது ஒரு சுற்று. வெளிப்புறத்தில் தெரிவதை எண்ணாமல், துளைக்குள் தெரியும் கம்பிகளை எண்ணுங்கள். எண்ணுவதற்குச் சிரமமாக இருந்தால் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வளையம் முழுவதையும் மூடாமல், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, சுற்றுகளைச் சீராகப் பரப்ப வேண்டும்.

சுற்றியபின் கம்பியின் எனாமலை நீக்குவதில்தான் பலர் இடறுகிறார்கள். அயர்னைச் சுமார் 400 டிகிரிக்கு ஏற்றி, முனையில் உருகிய சாலிடர்த் துளி ஒன்றை வைத்து, அதற்குள் கம்பி நுனியை வைத்துக்கொண்டிருங்கள். சில நொடிகளில் எனாமல் குமிழிட்டுப் புகைந்து, பழுப்பு நிறம் விலகி, கம்பியின் மேல் வெள்ளி நிறம் வளையம்வரை ஊர்ந்து ஏறும். அப்படி ஏறாத கம்பி வகைகளை பிளேடால் சுரண்டத்தான் வேண்டும். பலகையில் பற்றவைத்தபின், சுருளின் இரு முனைத் திட்டுகளுக்கு இடையே மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். பார்க்க அழகாக இருக்கும் இணைப்புக்கு அடியில் எனாமல் அப்படியே இருப்பது, வேலை செய்யாத கிட்களில் அடிக்கடி காணப்படும் காரணம்.

இரண்டு மூன்று கம்பிகளை முறுக்கிச் சேர்த்துச் சுற்றும் டிரான்ஸ்ஃபார்மர்களில், ஒரு கம்பியின் முடிவு மற்றொன்றின் தொடக்கத்தோடு சேர வேண்டும். எது எதன் முனை என்பதைத் தொடர்ச்சிச் சோதனையால் கண்டறிந்து, வேறுவேறு நிறத்தில் குறித்துக்கொண்ட பிறகே பற்றவையுங்கள். தொடக்கத்தோடு தொடக்கத்தைச் சேர்த்தால் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

ரிசீவரைச் சீரமைத்தல்

மிக்சர்களும் கிரிஸ்டல் ஃபில்டரும் பொருத்தியபின் ஆன்டெனாவை இணைத்தால் இரைச்சல் சற்றுக் கூடுவது கேட்க வேண்டும். கூடவில்லையென்றால் ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு கட்டமாக உள்ளீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே செல்லுங்கள். சத்தம் நின்றுபோகும் இடத்துக்கும் அதற்கு முன் சத்தம் வந்த இடத்துக்கும் நடுவில்தான் பிழை இருக்கிறது.

பட்டை ஃபில்டரின் டிரிம்மர் கெப்பாசிட்டரை இரைச்சல் உச்சம் தொடும்வரை திருப்ப வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: டிரிம்மரை ஒரு முழுச் சுற்று திருப்பும்போது ஒவ்வொரு மதிப்பும் இரண்டு முறை வரும். ஆகவே உச்சமும் இரண்டு இடங்களில் வர வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் வந்தால் டிரிம்மர் தன் எல்லையில் நிற்கிறது. சுருளில் சுற்று கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. ஓரிரு சுற்றுகள் வித்தியாசமென்றால், சுற்றுகளை நெருக்கி இண்டக்டன்ஸைக் கூட்டியோ, பரப்பிக் குறைத்தோ சரிசெய்துவிடலாம்.

பிஎஃப்ஓவின் இடம்தான் குரலின் தரத்தைத் தீர்மானிக்கிறது. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பட்டைகளில் கீழ்ப் பக்கப்பட்டையில் பேசுவது மரபு. நம் கணக்கில் சிக்னலும் அலையியற்றியும் கூடுவதால் பக்கப்பட்டை தலைகீழாவதில்லை. எனவே பிஎஃப்ஓ, கிரிஸ்டல் ஃபில்டரின் மேல் விளிம்புக்குச் சற்று அப்பால் நிற்க வேண்டும். கைபேசியில் ஒலி அலைமாலையைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து ஸ்பீக்கர் அருகில் வைத்து, ஆன்டெனாவின் இரைச்சல் ஏறக்குறைய 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும்படி பிஎஃப்ஓவை நகர்த்துங்கள். விளிம்பிலிருந்து மிகவும் தள்ளிவிட்டால் குரல் கீச்சென்று ஒலிக்கும். மிக நெருங்கினால் கனத்து மங்கும், அனுப்பும்போது பேச்சில்லாத வெறும் அலையான கேரியரும் கசியும்.

டிரான்ஸ்மிட்டர்

இதற்குமேல் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோடை இணைத்துக்கொள்ள வேண்டும். ஆன்டெனாவோ லோடோ இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை இயக்குவது இறுதி டிரான்சிஸ்டரைக் கொல்லும் நேர்வழி.

பல 5 வாட் கிட்களில் இறுதிக்கட்டம் ஐஆர்எஃப்510 என்ற மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர். அதன் உலோகத் தகடு, மின்வழங்கல் வந்துசேரும் டிரெய்ன் முனையோடு நேரடியாக இணைந்தது. மைக்கா தகடும் பிளாஸ்டிக் வாஷரும் இன்றி அதைப் பெட்டியின் உடலோடு திருகினால் மின்வழங்கல் தரைக்குக் குறுக்கிணைந்துவிடும். திருகியபின் தகடுக்கும் பெட்டிக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்பதை மல்டிமீட்டரில் உறுதிசெய்யுங்கள்.

பயாஸ், அதாவது மாஸ்ஃபெட்டின் கேட் முனைக்குக் கொடுக்கும் நிலையான வோல்டேஜ், அமைப்பதில் அவசரம் கூடாது. பயாஸ் கட்டுப்பாட்டைக் கீழ் எல்லைக்குத் திருப்பி, கேட் முனையில் பூஜ்ய வோல்ட் இருப்பதை அளந்து பார்த்த பிறகே டிரெய்னுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் என்பதை ஊகிக்க வேண்டாம். மைக்கைக் கழற்றிவிட்டு, டிரெய்ன் வழியில் மில்லிஆம்பியர் மீட்டரைத் தொடராக இணைத்து, அனுப்பும் விசையை அழுத்தியபடி மெல்லத் திருப்புங்கள். நெடுநேரம் எதுவும் நிகழாது. கேட் வோல்டேஜ் 2க்கும் 4க்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் மின்னோட்டம் திடீரென்று தொடங்கி, அதன்பின் மிகச் சிறு திருப்பத்துக்கும் வேகமாக ஏறும். கையேடு சொல்லும் அளவில் நிறுத்தி அரை நிமிடம் பாருங்கள். தானாகவே ஏறிக்கொண்டே போனால் ஹீட் சிங்க் போதவில்லை.

அடுத்து கேரியர் சமன். பேசாமல் அனுப்பு நிலையில் வைத்து, மற்றொரு ரிசீவரில் உங்கள் கேரியரைக் கேட்டபடியே, கேரியரை அடக்கும் சமன் மாடுலேட்டரின் கட்டுப்பாட்டை அது மிகக் குறையும் புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். 

வெளியீட்டுத் திறனை அளக்க, டம்மி லோடின் குறுக்கே உள்ள உச்சி முதல் உச்சி வரையான வோல்டேஜை ஆசிலோஸ்கோப்பில் பார்த்து, அதை வர்க்கப்படுத்தி 400ஆல் வகுக்க வேண்டும்; 5 வாட்டுக்கு ஏறத்தாழ 45 வோல்ட் வரும். ஆசிலோஸ்கோப் இல்லையென்றால், 1என்4148 டையோடும் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்த உச்ச அளவி போதும். மல்டிமீட்டர் காட்டும் வோல்டேஜோடு 0.7ஐக் கூட்டி, வர்க்கப்படுத்தி, 100ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். 21.7 வோல்ட் காட்டினால் 5 வாட்.

திறன் வந்துவிட்டது என்று மகிழ்வதோடு நின்றுவிடக்கூடாது. 7 மெகாஹெர்ட்ஸ் சிக்னலோடு அதன் மடங்குகளான 14, 21 மெகாஹெர்ட்ஸ்களிலும் ஹார்மோனிக் சிக்னல்கள் பிறக்கும்; அவற்றை நீக்குவது, உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் இறுதியிலுள்ள தாழ்கடவு ஃபில்டர். ஹார்மோனிக்குகள் முதன்மைச் சிக்னலைவிடக் குறைந்தது 43 டெசிபெல் கீழே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 5 வாட் கருவியில் அது கால் மில்லிவாட்டுக்குச் சமம். அந்த ஃபில்டரின் கெப்பாசிட்டர்களில் ஒன்று தவறினாலும் திறன் அளவி அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் சிறிய ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கியேனும் பார்த்துவிடுவது நல்லது. அதன் உள்ளீடு 5 வாட்டைத் தாங்காது என்பதால் நடுவில் சிக்னலைக் குறைக்கும் அட்டனுவேட்டர் அவசியம்.

ஆன்டெனாவும் முதல் தொடர்பும்

அரை அலை டைபோலின் மொத்த நீளத்தை மீட்டரில் அறிய, 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் போதும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.1 மீட்டர், பக்கத்துக்கு 10 மீட்டரும் கொஞ்சமும். முதலில் அரை மீட்டர் கூடுதலாக விட்டுக் கட்டி, ஆன்டெனாவிலிருந்து சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் அளவி பார்த்துச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். வெட்டிய கம்பியை ஒட்டுவது எளிதல்ல. மின்கம்பிகளுக்கு அருகில் ஆன்டெனா எக்காரணத்தாலும் போகக்கூடாது. 

5 வாட்டில் பொது அழைப்பு விடுத்துக் காத்திருப்பதைவிட, நன்றாகக் கேட்கும் நிலையம் ஒன்று தன் உரையாடலை முடித்ததும் அதை அழைப்பது பலன் தரும். பதில் கிடைத்தால் சிக்னல் வலிமையோடு நிறுத்திக்கொள்ளாமல், குரல் இயல்பாக இருக்கிறதா, அதிர்வெண் நகர்கிறதா, பின்னால் கேரியர் கேட்கிறதா என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். 

பெட்டியில் அடைத்தல்

எல்லாம் இயங்கியபின்தான் பலகையைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மைக்குக்கும் வால்யூமுக்கும் கவசக் கம்பி, ஆன்டெனாச் சாக்கெட்டுக்கு மெல்லிய 50 ஓம் கோயாக்ஸ் பயன்படுத்துங்கள். சோதனைப் புள்ளிகளில் அளந்த வோல்டேஜ்களை எல்லாம் கையேட்டின் ஓரத்தில் எழுதிவையுங்கள். பிற்காலத்தில் பழுது பார்க்கும்போது கையேட்டின் பொது எண்களைவிட உங்கள் பலகையின் எண்களே உதவும். உலோக மூடி அருகில் வந்தால் சுருள்களின் மதிப்பு சற்றே நகரும் என்பதால், மூடியைத் திருகியபின் பட்டை ஃபில்டரின் உச்சத்தையும், கேரியர் சமனையும், பயாஸ் மின்னோட்டத்தையும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். அதற்கு வசதியாக, டிரிம்மர்களுக்கு நேர்மேலே மூடியில் சிறு துளைகளை முன்கூட்டியே இட்டுவிடலாம்.